கண்ணுக்குத் தெரியாத அளவு

உப்பு சர்க்கரைக் கரைசல் உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கலக்கும் கைகளை நம்புவதற்குத்தான் மருத்துவ உலகத்துக்கு நாளாயிற்று.

1971, ஜூன் மாதக் கடைசி. கிழக்கு பாகிஸ்தானில் ராணுவத்தின் வெறியாட்டத்துக்குத் தப்பி லட்சக்கணக்கானவர்கள் இந்திய எல்லையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். முகாம்களில் காலரா பரவியிருந்தது. மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவ் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கென்று இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பி, தரையும் நிரம்பிவிட்டது. கல்கத்தாவிலிருந்து சிறு குழுவுடன் வந்து சேர்ந்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸ், நோயாளியின் நரம்பில் சலைன் ஏற்ற வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது. இரண்டு நாள்களில் அவருக்கு நிலைமை விளங்கிவிட்டது. சலைன் பாட்டில்கள் போதாது. பாட்டில் இருந்தாலும் அதை ஏற்றத் தெரிந்தவர்கள் போதாது.

அப்போது அவருக்கு வயது 36. கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தில் குளூகோஸ், சாப்பாட்டு உப்பு, ஆப்ப சோடா மூன்றையும் எடை போட்டு பாலிதீன் பைகளில் அடைத்தார்கள். கணக்கு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளூகோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா 2.5 கிராம். முகாமில் குழாய் வைத்த டிரம்களில் அதைக் கரைத்தார்கள். பிள்ளையைத் தூக்கி வந்த தாயும், தந்தையைச் சுமந்து வந்த மகனும் கிடைத்த பாத்திரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். நர்ஸ் வேண்டாம், ஊசி வேண்டாம். அகதி முகாம்களில் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பேர் என்று இறந்துகொண்டிருந்த நேரம் அது. பன்காவில் இந்த முறையில் சிகிச்சை பெற்ற 3,000-க்கும் மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவீதம்.

உலகத்தில் இதைவிட எளிய மருந்து இருக்க முடியாது என்று தோன்றும். சமையலறையில் உள்ள பொருள்களைத் தண்ணீரில் போட்டுக் கலக்குகிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கலக்கலில் நடப்பது சாதாரண விஷயமல்ல.

உப்புக் கல் என்பது சோடியமும் குளோரைடும் மாறி மாறி அடுக்கப்பட்ட கட்டடம். சோடியம் நேர் மின்னேற்றம் கொண்டது, குளோரைடு எதிர் மின்னேற்றம் கொண்டது. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருப்பதால்தான் கல் கல்லாக நிற்கிறது. நீரின் மூலக்கூறிலும் இரண்டு முகங்கள் உண்டு. ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்தன்மை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்தன்மை. உப்புக் கல் நீரில் விழுந்ததும் அதன் விளிம்பில் உள்ள சோடியத்தை நீரின் ஆக்சிஜன் முகங்கள் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் முகங்கள் சூழ்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து, தங்களுக்கு நடுவே வைத்து, வெளியே கொண்டுபோகின்றன. செங்கல் செங்கல்லாகக் கட்டடம் கலைகிறது. மணலில் அணுக்கள் பிணைந்திருக்கும் பிடிப்பை நீரால் பிரிக்க முடிவதில்லை. அதனால் மணல் அடியிலேயே கிடக்கிறது.

சர்க்கரை கரைவது வேறு விதம். அதன் மூலக்கூறு உடைவதில்லை. பக்கத்து மூலக்கூறின் பிடியிலிருந்து விடுபட்டு, முழுசாகவே நீருக்குள் போய்விடுகிறது. உப்பு இரண்டாகப் பிரிகிறது, சர்க்கரை ஒன்றாகவே இருக்கிறது. உப்பு நீரில் மின்சாரம் பாய்வதற்கும் சர்க்கரை நீரில் பாயாததற்கும் காரணம் இந்த வித்தியாசம்தான். உப்பு நீரில் தானாகவே மின்னேற்றத் துகள்களாகப் பிரிகிறது என்ற கருத்துக்கு அடிப்படையான ஆய்வேட்டை 1884-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ் எழுதியபோது, உப்சாலா பல்கலைக்கழகம் அதற்குக் குறைந்த தரமே கொடுத்தது. அந்தக் கருத்துக்காகவே அவருக்கு 1903-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் 'கரைந்துபோயிற்று' என்றால் இல்லாமல் போயிற்று என்று அர்த்தம். கையிருப்பு கரைகிறது, கூட்டம் கரைகிறது, கவலையில் உடம்பு கரைகிறது. வேதியியலில் கரையும் எதுவும் இல்லாமல் போவதில்லை. ஒரு கிராம் உப்பைக் கரைத்த தண்ணீரை வெயிலில் வற்றவிட்டால் அதே ஒரு கிராம் உப்பு தட்டில் மிஞ்சும். கட்ச்சிலும் தூத்துக்குடியிலும் உப்பளங்கள் நடப்பது இதை நம்பித்தான். கரைந்த பொருள் அடியில் தங்குவதில்லை. துணியில் வடிகட்டினாலும் சிக்காது. பாத்திரத்தின் மேல் சொட்டிலும் அடிச் சொட்டிலும் ஒரே அளவில் இருக்கும்.

நன்றாகக் கலக்கியிருந்தால் மட்டும்! கலக்காமல் விட்டால் கல்லைச் சுற்றியுள்ள நீர் மட்டும் உப்பேறி, மேற்கொண்டு கரைக்கும் வேகம் குறைந்துவிடுகிறது. கரண்டியின் வேலை அந்தக் கனத்த நீரை நகர்த்திவிட்டுப் புது நீரைக் கொண்டுவருவது. குழாய் அடியில் உள்ள ஒரு டிரம்மில் உப்பைக் கொட்டிவிட்டுக் கலக்காமல் போனால் என்ன ஆகும்? முதலில் பிடிப்பவருக்கு உவர் நீரும் கடைசியில் பிடிப்பவருக்கு வெறும் நீரும் போகும். பொடி உப்பு சீக்கிரம் கரைவதும் கல் உப்பு தாமதிப்பதும் நீர் தொடும் பரப்பின் வித்தியாசத்தால். வெந்நீர் கரைசலை வேகப்படுத்தும். ஆனால் உப்பைப் பொறுத்தவரை, கரையும் மொத்த அளவு சூட்டினால் அதிகம் கூடுவதில்லை. அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கும் நீரிலும் 40 கிராமைத் தொடாது. சர்க்கரையோ அறை வெப்பநிலையிலேயே 200 கிராம் அளவுக்குக் கரைந்துவிடும்.

அபாயமும் இங்கேதான் தொடங்குகிறது. உடம்புக்கு ஒரு லிட்டரில் மூன்று கிராம் உப்பு போதும் என்ற இடத்தில், தண்ணீர் 300 கிராமுக்கும் மேலே மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது. நிறம் மாறாது. தெளிவு குறையாது. சரியான கரைசல், உப்புக் கூடிய கரைசல், வெறும் பச்சைத் தண்ணீர் மூன்றையும் மூன்று தம்ளர்களில் ஊற்றி வைத்தால் பார்வைக்கு எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறும். குழந்தைக்கு வலிப்பு வரலாம், மூளை பாதிக்கப்படலாம். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள்ளேயே நின்று உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். பேதி அதிகமாகும். இரண்டும் குறைந்தால் குடித்ததற்குப் பலன் இருக்காது. இவ்வளவு கணக்கு எதற்கு? பதில் சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அங்கே ஒரு வாசல் உண்டு. இரண்டு சோடியமும் ஒரு குளூகோஸும் சேர்ந்து வந்தால்தான் அது அவற்றை உள்ளே விடும். அவை போனால் பின்னாலேயே நீரும் போகும். 1960-ல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் இந்த இணைப்பை முன்வைத்தார். அதற்கு முந்தின வருஷம்தான், 1959-ல், கல்கத்தாவின் சம்புநாத் தே, காலராக் கிருமி வெளியிடும் நச்சே குடலிலிருந்து நீர் கொட்டுவதற்குக் காரணம் என்று நிரூபித்திருந்தார். அந்த நச்சு குடலின் நீரை எல்லாம் வெளியே திறந்துவிடுகிறது. ஆனால் உப்பும் குளூகோஸும் கைகோத்து நுழையும் வாசலை மட்டும் அது தொடுவதில்லை. கரைந்து, துகள் துகளாகப் பிரிந்து வரும் பொருள்களுக்கு மட்டுமே அந்த வாசல். வீட்டுச் சர்க்கரையைக் குடலே பிளந்து குளூகோஸை எடுத்துக்கொள்கிறது.

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள், அங்கிருந்த மருத்துவர்களுடன் சேர்ந்து, காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் கொடுத்துப் பலனை நிறுவினார்கள். அதற்கும் முன்னால், 1953-லேயே, கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் உப்பும் குளூகோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆங்கிலத்தில் கரைசலுக்கும் தீர்வுக்கும் 'சொல்யூஷன்' என்று ஒரே சொல். தமிழ் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. வயிற்றுப்போக்கு விஷயத்தில் தமிழ்தான் சரி. கரைசல் கிடைத்த உடனே தீர்வு கிடைத்துவிடவில்லை.

காரணம், அந்தக் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆஸ்பத்திரியில், டாக்டரின் மேற்பார்வையில், தராசில் நிறுத்துக் கலப்பது சரி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், சேரும் செம்பும் புழங்கும் வீட்டில், ஒரு லிட்டரையும் மூன்றரை கிராமையும் எப்படி அளப்பாள்? மருத்துவ உலகம் இப்படித்தான் கேட்டது. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்குள் ஒரு முடிவும் ஒளிந்திருந்தது: தாயால் முடியாது. பன்காவில் மஹாலனாபிஸ் செய்தது அறிவியலில் புதிய கண்டுபிடிப்பல்ல. எடை போடுவதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, மற்றதை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் விட்டார். அது அன்றைக்குத் துணிச்சல். உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா முகாமுக்கு வந்து நேரில் பார்த்தார். பிறகு அந்த நிறுவனத்துக்குள் இந்த முறைக்காக வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1978-ல் 'லான்செட்' தன் தலையங்கத்தில், இது அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்ற அளவுக்குப் போயிற்று.

தாயால் முடியுமா என்ற கேள்விக்கு நேரடியான பதில் வங்கதேசத்திலிருந்து வந்தது. 1980 முதல் 1990 வரை 'பிராக்' என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகள். கையில் பாக்கெட் இல்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேரை அளந்து காட்டி, அந்தப் பெண்ணையே கலக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இதில் சம்பள ஏற்பாடு விசேஷமானது. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குக் கூலி. தாய்மார்கள் கலந்த கரைசலின் மாதிரிகள் சோதனைச் சாலைக்கும் போயின. பாடம் கேட்பவர் தவறு செய்தால் சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் நஷ்டம் என்ற இந்த விதியைப் பள்ளிக்கூடங்களில்கூடக் காண்பது அரிது. வங்கத்தில் இன்றும் இந்தக் கரைசலுக்கு 'காபார் சலைன்' என்றுதான் பேர். வாய் வழியே உட்கொள்ளும் சலைன்.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. பொட்டலத்தை மேம்படுத்திக்கொண்டே வந்தார்கள். ஆப்ப சோடாவும் குளூகோஸும் சேர்ந்த பொடி, வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் பழுப்பேறிக் கெட்டுப்போனதால், 1984-ல் சோடாவுக்குப் பதில் சிட்ரேட் உப்பு சேர்க்கப்பட்டது. 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கலவையை மேலும் நீர்க்கச் செய்தன. இப்போது ஒரு லிட்டருக்கு குளூகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். எடையில் குளூகோஸ் பல மடங்கு அதிகமாகத் தெரிகிறது. கரைந்த பிறகு துகள்களை எண்ணினால் சோடியமும் குளூகோஸும் சமம்: லிட்டருக்கு 75 மில்லிமோல், 75 மில்லிமோல். குடலுக்குத் தராசு தெரியாது. அது எண்ணிக்கையைத்தான் பார்க்கும்.

இந்த மருந்து பிறந்த நாட்டில் இன்றைய நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது 60.6 சதவீதத்தினருக்கு. 2015-16-ல் அது 50.6 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனால் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு, எந்தப் பெட்டிக்கடையிலும் உள்ள இரண்டு பொருள்களால் ஆன மருந்து இன்னும் போய்ச் சேரவில்லை.

கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடையே நடத்தப்பட்டு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. சரக்கு இல்லாததோ, மற்ற மருந்துகளில் கிடைக்கும் லாபமோ பெரிய காரணங்கள் அல்ல. வந்தவர்களுக்கு இது பிடிக்காது, வேறு மருந்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று மருத்துவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வதுதான் முக்கியக் காரணம். அன்று தாய்க்குக் கலக்கத் தெரியாது என்றார்கள். இன்று தாய்க்குப் பிடிக்காது என்கிறார்கள். இரண்டுமே அவளைக் கேட்காமல் எடுத்த முடிவு.

மக்கள் பக்கமும் ஒரு மனத்தடை உண்டு. கரைசல் பேதியை உடனே நிறுத்துவதில்லை. போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. பேதி தானாக நிற்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கும். ஊசி போட்டால், 'குளூகோஸ் ஏற்றினால்' வைத்தியம் நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது. தம்ளரில் உள்ள நிறமற்ற நீர் வைத்தியமாகத் தெரிவதில்லை. மயங்கிக் கிடக்கும், குடிக்க முடியாத குழந்தைக்கு நரம்பில் ஏற்றியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். குடிக்க முடிகிற மற்றக் குழந்தைகளுக்குத் தம்ளரும் ஸ்பூனும் போதும்.

கண்ணுக்குத் தெரியாததை விற்பவர்களும் உண்டு. கவர்ச்சியான அட்டைப் பெட்டிகளில், பழச் சுவையில், பேரிலேயே 'ஓ.ஆர்.எஸ்.' என்று சேர்த்துக்கொண்ட பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. மருந்துக் கரைசலில் இருக்க வேண்டியதைவிடப் பன்மடங்கு சர்க்கரை கொண்டவை அவற்றில் இருந்தன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், எச்சரிக்கை வாசகத்தோடு அந்தப் பேரைப் பயன்படுத்தலாம் என்று தான் முன்பு கொடுத்திருந்த அனுமதியை 2025 அக்டோபரில் திரும்பப் பெற்றது. மருந்துக் கலவை அல்லாத பானத்துக்கு அந்த மூன்றெழுத்து கூடாது என்பது உத்தரவு. ருசி பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். இனிப்பு உப்பை மறைத்துவிடும். தாகத்தில் இருக்கும் குழந்தைக்கு இனிப்பு பிடிக்கவும் பிடிக்கும்.

திலீப் மஹாலனாபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். 2023 ஜனவரியில் அவருக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. விருது தாமதமாக வந்ததைக் குறித்துப் பலரும் எழுதினார்கள். அவருடைய டிரம்மின் பாடம் எவ்வளவு தாமதமாக வீடுகளுக்குப் போகிறது என்பதை அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

அந்தப் பாடம் இவ்வளவுதான். பாக்கெட்டில் எத்தனை நீருக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நீர். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு தம்ளரில் பாதியைப் போட்டு, மீதியை நாளைக்கு என்று மடித்து வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் தவறு. காய்ச்சி ஆறிய தண்ணீரில், தூள் தெரியாமல் போகும்வரை கலக்க வேண்டும். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது, நீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலை தட்டி. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது 2004 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பாக்கெட்டின் பின்பக்கம் இதெல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது, பெரும்பாலும் வாங்குபவருக்குத் தெரியாத மொழியில். மருந்துக் கடைக்காரரோ நர்ஸோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, வீட்டில் இருக்கும் ஒரு பாத்திரத்தைக் காட்டி "இந்த அளவு தண்ணீர்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். பேதி கண்ட குழந்தையின் வீட்டில் அந்த ஒரு நிமிஷத்தை யாராவது செலவழிக்கத்தான் வேண்டும்.